மூத்தாள் குழி

செத்துப்போன புருஷனின் காலுக்கு அமலோற்பவம் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் விறைத்துப்போய் உள்ளே நுழைய மறுத்தது. உயிரோடு இருந்தபோதும் அந்தக் கால் அப்படித்தான், எதற்கும் லேசில் மசியாது. அவள் காலுறையைச் சுருட்டிப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தபோது, வாசலில் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்க்கும் சத்தம் கேட்டது.

"யம்மா," என்றான் குழி வெட்டுகிற அய்யனார். "சலேத்தம்மா குழியத் தொறக்கட்டா, இல்ல புதுசா வெட்டட்டா? மழ வர்ற மாரி கீது. இப்பவே சொல்லிட்டா நல்லது."

அமலோற்பவம் வாயைத் திறப்பதற்குள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிரகாசி திரும்பினாள். செத்தவனுக்கு அக்காள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தாலும் அதிகாரம் குறையவில்லை.

"இன்னாடா கேள்வி இது? பொண்டாட்டி குழி இருக்கச் சொல்ல புதுக்குழி எதுக்கு? போய்த் தொற."

"புதுசா வெட்டு," என்றாள் அமலோற்பவம், காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அய்யனார் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். சுற்றியிருந்த பெண்கள் ஜெபமாலை மணிகளை விரலில் பிடித்தபடி நிறுத்திக்கொண்டார்கள்.

பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கும் அந்த ஊரில் கோயில் கல்லறைத் தோட்டம் சின்னது. அதனால் பொண்டாட்டி குழியைத் திறந்து புருஷனை வைப்பதும், புருஷன் குழியில் பொண்டாட்டியை வைப்பதும் அங்கே வழக்கம். பழைய எலும்புகளைப் பொறுக்கித் துணியில் கட்டிப் புதுப் பெட்டியோடு உள்ளே விடுவார்கள். இப்படி இரண்டாவது ஆளுக்காக ஒருமுறை திறந்த குழியை, அன்று பிறந்த பிள்ளை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும்வரை மறுபடி தொடமாட்டார்கள். அமலோற்பவத்துக்கு வயது ஐம்பது தாண்டியாகிவிட்டது. நெஞ்சு படபடப்பும் உண்டு. புருஷன் தனிஸ்லாஸ் இன்று மூத்தாள் சலேத்மேரியின் குழிக்குள் போனால், தான் போகிற நாளில் தனக்கு வேறே இடம்தான் என்பது அவளுக்குத் தெரியும். உலக முடிவில் எக்காளம் ஊதும்வரை அவர்கள் இரண்டு பேரும் ஒரே குழியில், இவள் எங்கேயோ சுவரோரத்தில்.

"புதுசுன்னு சொல்றன் இல்ல? போ," என்றாள். காலுறை ஏறிவிட்டது.

சலேத்மேரி செத்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமான மறுவருஷமே விஷ ஜுரத்தில் போய்விட்டாள். துக்க வருஷம் கழிந்ததும் தனிஸ்லாஸ் அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டான். அவன் புதுச்சேரி மில்லில் வேலை பார்த்தான். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், சம்பளத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். தெருவில் எல்லாரும் அமலோற்பவத்தைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளுக்கும் அதில் மறுப்பு இல்லை. ஒன்றே ஒன்றுதான். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவன் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். அவனுக்குக் கை நடுங்கும். மில் இயந்திரத்தின் அதிர்விலேயே வேலை செய்த கை. அதனால் கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துக்குள் கறுப்பு மை ஊற்றுவது அமலோற்பவத்தின் வேலை. 'தனிஸ்லாஸ் பத்தினி சலேத்மேரி இங்கே துயில்கிறாள்.' பத்தினி என்ற வார்த்தைக்குள் தன் கையாலேயே வருஷம் தவறாமல் மை ஊற்றிய பெண் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இருக்கமுடியாது.

செத்தவளோடு சண்டை போடமுடியாது என்பதுதான் பெரிய தொல்லை. அமலோற்பவத்துக்கு நரை விழுந்தது, பிரசவத்துக்குப் பிறகு வயிறு தொங்கியது, பின்பல் நாலு போயிற்று. சலேத்து அப்படியே இருந்தாள். அவள் குழம்பில் உப்பு கூடியதில்லை, அவள் புருஷனை எதிர்த்துப் பேசியதில்லை, பேச அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. தனிஸ்லாஸ் சாப்பிட்டுக்கொண்டே "கொழம்பு நல்லாத்தான் கீது" என்பான். அதற்குப் பிறகு அவன் மென்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் அமலோற்பவம் எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பாள். அவன் ஒருநாளும் ஒப்பிட்டுப் பேசியதில்லை. பேசியிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

இது இப்படியே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்திருக்கும். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச்சாமியார் சாமிநாதர், ஏழு அண்ணன் தம்பிகளை ஒருவர் செத்தபின் ஒருவராகக் கட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். உயிர்த்தெழும்போது அவள் யாருக்குப் பெண்சாதி என்று கேட்டார்களாம். அங்கே பெண் கொள்வதும் கிடையாது கொடுப்பதும் கிடையாது, எல்லாரும் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள் மாதிரி என்று ஆண்டவர் சொல்லிவிட்டாராம்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது உபதேசியார் ஞானாதிக்கம் தனிஸ்லாசைப் பார்த்துக் கண்ணடித்தார். ஊரில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துபவர்.

"தனிஸ்லாசு, அந்தப் பொம்பளைக்கு ஏழு, உனக்கு ரெண்டுதான். எப்படியும் அங்க போனா உனக்கு ஒண்ணும் தேறாது."

எல்லாரும் சிரித்தார்கள். தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

"அது எப்படி உபதேசியாரே? சலேத்து எம் பொண்டாட்டிதானே. செத்துட்டா இல்லன்னு ஆயிடுமா? அங்க எனக்காவ காத்துகினு இருப்பா."

உபதேசியாரின் முகம் மாறியது. "டேய், வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாத. ஆண்டவரே இல்லன்னு சொன்னத இருக்குன்னு சொல்றது பதிதம். பதிதனுக்குக் கோயில் மண்ணுல குழி கெடையாது, தெரிஞ்சிக்கோ."

பதிதம். வேதத்தை மறுத்து விலகிப்போகிறவர்களுக்கு வைத்த வார்த்தை. அந்தத் தெருவில் குடிகாரர்கள் இருந்தார்கள், வட்டிக்கு விடுகிறவர்கள் இருந்தார்கள், பதிதன் என்று ஒருத்தன் இருந்ததில்லை. அமலோற்பவம் வீடு வரும்வரை அவமானத்தில் தலைகுனிந்தே வந்தாள். ஆனால் அடுப்பில் உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அவளுக்குள் வேறு என்னவோ கிளம்பியது. இத்தனை வருஷமாகத் தன் வயிற்றெரிச்சலை வெளியே சொல்ல வழியில்லாமல் இருந்தது. செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று ஊர் சிரிக்கும். இப்போது கோயிலே அவள் பக்கம் வந்து நின்றுவிட்டது.

மறுநாளே சாமியார் வீட்டுக்குப் போனாள்.

"சாமி, என் வூட்டுக்காரு பதிதனாயிட்டாரு. நீங்கதான் இன்னான்னு கேக்கணும்."

சாமிநாதர் சாமியாருக்கு அப்போது வயது கொஞ்சம்தான். முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. பதிதம் வேற, தப்பறை வேற. நீங்க பாகூர் போகணும். ஏதோ ஞாபகத்துல வில்லியனூர் பஸ்ஸுல ஏறிட்டீங்க. அது தப்பறை. தப்பா நெனச்சுட்டீங்க, அவ்வளவுதான். கண்டக்டர் வந்து 'அம்மா, இது வில்லியனூர் போகுது'ன்னு சொன்னதும் எறங்கிடுவீங்க. அதுக்கு அப்புறமும், 'இல்ல, இதுதான் பாகூர் பஸ், நீ யாரு எனக்குச் சொல்ல'ன்னு தெரிஞ்சே அடம்பிடிச்சு உக்காந்திருந்தா, அதுக்குப் பேருதான் பதிதம்."

"அப்ப நீங்க கண்டக்டரா வந்து சொல்லுங்க சாமி."

"சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, எந்த விஷயத்துல தப்புன்னும் பாக்கணும். எல்லாத் தப்பும் ஒரே எடையில்ல. விசுவாசத்துக்கு நேரா விரோதமா இருக்கிறது ஒண்ணு. அதுக்குக் கீழ வெறும் தப்பறை. அதுக்கும் கீழ, துணிஞ்சு பேசுற பேச்சு. கடைசியா, பக்தியுள்ளவங்க காதுக்கு உறுத்துற பேச்சு."

"என் காதுக்கு ரொம்ப உறுத்துது சாமி," என்றாள் அமலோற்பவம். "அதுக்கு இன்னா தண்டன?"

சாமியார் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"அவரு சொல்றது சரின்னா, நான் யாரு சாமி? மூத்தாதான் இன்னும் பொண்டாட்டின்னா, இத்தினி வருஷம் அந்த வூட்டுல ஒல வச்சவ யாரு?"

சாமியார் அந்த வாரமே சைக்கிளில் வந்தார். தனிஸ்லாஸ் தோட்டத்தில் கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். அமலோற்பவம் காப்பி போடுகிற சாக்கில் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறீங்களா?"

"விசுவசிக்கிறேன் சாமி."

"அமலோற்பவத்தோட நடந்த கல்யாணம் மெய்யான தேவதிரவிய அனுமானம், ஆண்டவர் ஏற்படுத்துன அருட்சாதனம்னு விசுவசிக்கிறீங்களா?"

"அதுல இன்னா சாமி சந்தேகம்? நீங்க இப்ப குடிக்கப் போறது அவ போட்ட காப்பிதான்."

"அப்ப சலேத்மேரி?"

தனிஸ்லாஸ் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அங்க கல்யாணம் கெடையாதுன்னு கோயில் சொன்னா கெடையாதுதான். நான் மறுக்கல. ஆனா அங்க அவள எதிர்க்கப் பாத்தா, தெரியாத மாரி போவச் சொல்றீங்களா சாமி?"

"அப்படி யாரும் சொல்லல," என்றார் சாமியார். காப்பியைக் குடித்தார். போகும்போது அமலோற்பவத்திடம் தாழ்ந்த குரலில், "ஒண்ணுமில்லம்மா. தப்பறைகூட பாதிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற பெண்சாதிகளாக இருந்தால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். அமலோற்பவம் சாமியார் குடித்த டம்ளரை அலம்பாமல் முற்றத்தில் விட்டெறிந்தாள். அவளுக்குப் பாதித் தப்பறை போதவில்லை. அன்றிலிருந்து சண்டை வரும்போதெல்லாம் அதே கேள்விதான்.

"நான் உம் பொண்டாட்டி இல்லன்னு ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிடேன். நான் நிம்மதியாயிடுவேன்."

அவன் பீடியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவான். அவனுக்கு இழுப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் தீப்பெட்டியை அவள் ஒளித்துவைப்பாள். சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து, "அமலோ, பெட்டிய எங்க வெச்ச?" என்று குரல் வரும். சண்டை அத்தோடு முடியும், தீராமலே.

போன வியாழக்கிழமை சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குத் தைலம் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனபின், அவள் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சுக்கு நடுவே சொன்னான். "அமலோ, என்ன சலேத்துகிட்ட போட்டுடச் சொல்லு."

"சரி சரி, வாய மூடிகினு மூச்ச விடு," என்றாள் அவள். ஒத்தடத்தை நிறுத்தவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூலக்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மதலேன் வந்து சேர்ந்து, தாயைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த சமயத்தில், உபதேசியார் ஞானாதிக்கமும் சாமியாரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். உபதேசியார் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"நான் ரெண்டு தடவ எச்சரிச்சேன் சாமி. கல்லறத் திருநாளன்னிக்கு அந்தக் கல்லுமேல கைய வச்சிகினு, 'சலேத்து, எம் பொண்டாட்டி, வந்துர்றேன்'னு சொன்னான். நான் என் காதால கேட்டேன். 'டேய், இது பதிதம்'னேன். சிரிச்சான். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சிரிச்சான். எச்சரிச்சப்புறமும் புடிச்சிகினு நின்னா அது பிடிவாதம்தானே? பிடிவாதம் இருந்தா பதிதம்தானே? மந்திரிச்ச மண்ணுல எடம் கெடையாது. சரி, அதக்கூட உடுங்க. அந்தக் குழிய மட்டும் தொறக்கக்கூடாது. தொறந்தா அவன் சொன்னது சரின்னு நாமே சாட்சி சொன்ன மாரி."

பிரகாசி எழுந்துவிட்டாள். "உபதேசியாரே! எந்தம்பி பொணம் நடுவூட்டுல கெடக்குது. நீங்க இன்னா பேசறீங்க?"

"வேதம் பேசறேன்மா."

சாமியார் கையைக் காட்டி இருவரையும் அடக்கினார். பத்து வருஷத்தில் அவர் தலையிலும் நரை ஏறியிருந்தது. பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"உபதேசியாரே, நீங்க சொல்ற பிடிவாதம் சரிதான். ஆனா எதுல பிடிவாதம்? செத்த பொண்டாட்டிய இன்னும் பொண்டாட்டின்னு சொல்றது தப்பறை. பாசத்துல வர்ற தப்பறை. அத ஆயிரம் தடவ சொன்னாலும் ஆயிரம் தப்பறைதான், பதிதம் ஆகாது. ஆனா, 'அவதான் பொண்டாட்டி, அதனால பின்னால கோயில்ல நடந்த கல்யாணம் கல்யாணமே இல்ல'ன்னு தெரிஞ்சே மறுத்திருந்தா, அது வேற. அது தேவதிரவிய அனுமானத்தையே மறுக்கிறது." அவர் நிறுத்தினார். "அத அவர் மறுத்தாரா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருத்தருக்குத்தான் தெரியும்."

எல்லாரும் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள்.

"அம்மா, எப்பவாவது உங்கள அவரு பொண்டாட்டி இல்லன்னு சொல்லியிருக்காரா?"

இந்தக் கேள்வியை யாராவது நாலு பேர் முன்னால் கேட்கமாட்டார்களா என்று அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். இப்போது கேட்டாகிவிட்டது, அதுவும் சாமியார் வாயால். 'சொன்னாரு' என்று ஒரு வார்த்தை போதும். சலேத்து குழி மூடியே கிடக்கும். இவனைச் சுவருக்கு வெளியே, ஞானஸ்நானம் பெறாத சிசுக்களைப் புதைக்கிற மூலையில் போடுவார்கள். சலேத்துக்கும் கிடைக்கமாட்டான், தனக்கும் கிடைக்கமாட்டான். ஆனாலும் சலேத்துக்குக் கிடைக்கமாட்டான். அந்த நினைப்பு நாக்கின் நுனிவரை வந்து இனித்தது.

தனிஸ்லாஸ் வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுப் படுத்திருந்தான். இழுப்பு நின்றுபோன நெஞ்சு வீட்டையே அமைதியாக்கியிருந்தது.

"இல்ல சாமி," என்றாள்.

"நல்லா யோசிச்சு..."

"யோசிக்க இன்னா கீது? நான்தான் சொல்லு சொல்லுன்னு புடுங்கிகினு இருந்தேன். அந்த ஆளு சொல்லல."

மூலையில் ஒரு பெண் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் எழுப்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமியார் தலையாட்டினார். "முடிஞ்சது உபதேசியாரே. தப்பறைதான். அது ஆளோட சேந்து அடக்கமாயிடும். எந்தக் குழின்றது குடும்பத்தோட இஷ்டம். கோயில் அதுல தலையிடாது. சாயங்காலம் மூணு மணிக்குப் பூசை."

"அப்ப மூத்தா குழிதான்," என்றாள் பிரகாசி.

"புதுக்குழிதான்," என்றாள் அமலோற்பவம்.

"ஏன்டி, நீ மனுஷிதானா? செத்தவமேலகூட உனக்கு இவ்ளோ எரிச்சலா? அவ இருந்திருந்தா எந்தம்பி..."

"அவ இருந்திருந்தா நான் ஏன் அண்ணி இங்க வந்து உங்க தம்பி சளியத் தொடச்சிகினு கெடக்கப்போறேன்? நல்லா இருக்கட்டும்னு எங்கப்பன் வேற எங்கியாவது குடுத்திருப்பான்."

"யம்மா, உடும்மா. அத்த, நீயும் சும்மா இரு," என்றாள் மதலேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே ஜெபத்தை ஆளுக்கொரு வேகத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் சாய்வதற்குள் அய்யனார் திரும்பி வந்தான். முழங்காலுக்குக் கீழே சேறு.

"யம்மா, தண்ணி ஊறுது."

"எறச்சிக் கொட்டு."

"எறச்சிகினேதான் கீறேன். ஏரி ரொம்பிக் கெடக்குது, பூமியெல்லாம் ஊத்து. செவுத்தோரம் ஒண்ணுதான் எடம் இருந்துது, அதுவும் பள்ளம். நீ வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லு."

புருஷன் பிணம் வீட்டில் இருக்கப் பொண்டாட்டி கல்லறைக்குப் போவது எங்கும் கிடையாது என்று பிரகாசி கத்தினாள். கத்திக்கொண்டே அவளும் கூட வந்தாள். மதலேன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். வானம் கறுத்துக் கீழிறங்கியிருந்தது.

சுவரோரம் வெட்டிய குழியில் காப்பிக் கலரில் தண்ணீர் நின்றது. அய்யனார் உள்ளே இறங்கி மண்ணெண்ணெய் டின்னால் மொண்டு மொண்டு வெளியே கொட்டினான். கொட்டக் கொட்டத் தண்ணீர் அப்படியே நின்றது. நாலு பக்கத்து மண்ணும் கசிந்துகொண்டிருந்தது. ஒரு தவளை சுவரில் தொற்றிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"இதுல எறக்குனா பெட்டி மெதக்கும்மா," என்றான் அய்யனார். "கல்லு வச்சிதான் அமுக்கணும்."

அமலோற்பவம் குழியின் விளிம்பில் நின்றாள். ஐப்பசி பிறந்தால் அவனைப் பனியில் விடமாட்டாள். காதுக்குத் துணி கட்டிவிடுவாள், கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்துப் போடுவாள், தலையணை ஈரம் பாரிக்கும் என்று அடுப்பு அனலில் காட்டிக் கொடுப்பாள். கால் நனைந்து வீட்டுக்குள் வந்தால் சத்தம் போட்டே அவனை அடுப்பு முன்னால் உட்காரவைப்பாள். அன்று காலையில் அந்தக் காலுக்கு அத்தனை பாடுபட்டுக் காலுறை மாட்டியிருந்தாள். கம்பளிக் காலுறை.

அவள் திரும்பி மேட்டைப் பார்த்தாள். மேட்டில், புங்க மரத்துக்குக் கீழே, அந்த மாதத் தொடக்கத்தில், அவனுக்கு இழுப்பு என்று அவள் தன் கையாலேயே வெள்ளையடித்த கல் பளிச்சென்று தெரிந்தது.

"அங்க தண்ணி வருமா?"

"மேட்டுல ஏதும்மா தண்ணி? சுக்காங்கல்லு பூமி. காஞ்சி கெடக்கும்."

பிரகாசி ஏதோ சொல்ல வந்தாள். அமலோற்பவம் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தொற," என்றாள் அமலோற்பவம்.

அய்யனாரும் அவன் தம்பியும் கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பி ஒருபக்கம் சாய்த்தார்கள். மண் லேசாக வந்தது. அவன் சொன்னது சரிதான், அடியில் ஈரமே இல்லை. பலகை மக்கிப்போயிருந்தது. அய்யனார் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே துழாவ ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக எடுத்து, மதலேன் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணியில் வைத்தான்.

அமலோற்பவம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சின்னவளா? இத்தனை வருஷமாக அவள் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண் வாசல் நிலை உயரம் இருப்பாள். இது மதலேன் பத்தாவது படித்தபோது இருந்த அளவு. துருப்பிடித்த கொண்டையூசி ஒன்றும் கூட வந்தது. கடைசியாக அய்யனார் தாடை எலும்பை மண் தட்டி வைத்தான். பல்வரிசை முழுசாக இருந்தது, ஒன்றுகூட விழாமல், நெருக்கமாக, அரிசி மாதிரி. அமலோற்பவத்தின் நாக்கு தன்னையறியாமல் தன் வாய்க்குள் பின்பல் போன இடத்தைத் தொட்டுப் பார்த்தது.

"பல்லப் பாரு," என்றாள் மெல்ல. யாரிடம் சொன்னாளோ.

பிரகாசி அழத் தொடங்கினாள். "சலேத்து, எங்கண்ணு..."

அய்யனார் துணியின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். மூட்டை ஒரு குழந்தைக்குக் கட்டின தூளி அளவுகூட இல்லை. அதைக் குழி மேட்டு மண்ணின்மேல் வைத்துவிட்டுக் கேட்டான்.

"பெட்டி எறக்குனதும் இத எங்க வைக்கறது? தலமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"தலமாட்டுலதான். இதெல்லாமா கேப்ப?" என்றாள் பிரகாசி அழுகையினூடே.

"கால்மாட்டுல வை," என்றாள் அமலோற்பவம்.

"யம்மா..." என்றாள் மதலேன்.

"கால்மாட்டுலன்னா கால்மாட்டுல."

அய்யனார் தலையாட்டினான்.

கோயில் பக்கமிருந்து முதல் துக்க மணி அடித்தது. பூசைக்கு உடலைத் தூக்கப்போகிறார்கள், வீட்டுக்குப் போகவேண்டும். அதே சமயம் புங்க இலைகளின்மேல் சடசடவென்று பெரிய பெரிய துளிகள் விழ ஆரம்பித்தன. அய்யனார் தார்ப்பாய் எடுத்துவர ஓடினான். பிரகாசி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். மதலேன் குடையை விரித்து அம்மாவின் தலைக்குமேல் பிடித்தாள்.

அமலோற்பவம் அந்தக் குடையை அவள் கையிலிருந்து வாங்கினாள். செருப்பு மண்ணில் புதைய நாலு எட்டு நடந்து போனாள். குழி மேட்டில் இருந்த வெள்ளை மூட்டைக்கு மேலே குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய் வரும்வரை மழையில் நின்றாள்.